போளம் தூக்கிய வருஷம்

மூன்று ராஜாக்கள் குழந்தை சேசுவுக்குக் கொண்டுவந்த காணிக்கைகளில் பொன் என்றால் என்னவென்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், வீட்டில் இல்லாவிட்டாலும். சாம்பிராணியும் தெரியும், வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் நடந்தால் மூக்கே சொல்லிவிடும். வெள்ளைப்போளம்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடாது. நான் அதை ஏதோ வெள்ளையான பலகாரம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மரியன்னைக்குப் பசித்திருக்கும், அதனால் மூன்றாவது ராஜா தின்பண்டம் எடுத்து வந்தார் என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே மணலும் முந்திரியுமாக இருக்கும். அப்போதுதான் கம்பெனிகள் வரப்போகின்றன என்று முந்திரிக் காட்டை வெட்டிச் சமப்படுத்த ஆரம்பித்திருந்தார்கள். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன், அவர் அங்கேதான் கடப்பாரை வேலைக்குப் போவார். கோயில் சின்னக் கோயில், ஓடு போட்டது. சாமியாருக்கு வீடு ஆரணி ஆற்றுக்கு அக்கரையில். ஞாயிற்றுக்கிழமை அங்கியைச் சுருட்டிச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளில் கோயிலுக்கு உபதேசியார்தான் எல்லாம். மணி அடிப்பதும் அவர், செபம் சொல்லிக்கொடுப்பதும் அவர், எங்கள் காதைத் திருகுவதும் அவர்.

கிறிஸ்துமஸ் முடிந்து மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் குடில் அப்படியே இருக்கும். அன்றைக்குக் காலைப் பூசையில் மூன்று பிள்ளைகள் கிரீடம் வைத்துக்கொண்டு, கையில் ஆளுக்கொரு பெட்டியோடு வாசலிலிருந்து குடில் வரைக்கும் நடந்து போவார்கள். அவர்களுக்கு முன்னால் மேலே கம்பியில் ஒரு நட்சத்திரம் நகர்ந்து போகும். அந்த நட்சத்திரம் என் மாமா செய்தது, அதாவது அம்மாவின் தம்பி. ஆரணியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பழைய சக்கரத்து வளையத்தில் ஜிகினாத் தாள் ஒட்டி, கப்பியில் மாட்டி, ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றை இழுப்பார். கிறிஸ்துமஸுக்கு அக்கா வீட்டுக்கு வந்தால் ராஜாக்கள் திருநாள் முடித்துத்தான் ஊர் திரும்புவார்.

எனக்கு ராஜா ஆக வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை. ஆனால் ராஜாக்கள் எல்லோரும் ஆண்பிள்ளைகள். உபதேசியாரிடம் கேட்டேன். "ராசாவுக்கு மீசை வேணும். நீ ஆடா நில்லு," என்றார். இரண்டு வருஷம் ஆடாக நின்றேன். உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டி, அரிப்புத் தாங்காமல் குடிலுக்குள்ளேயே சொறிந்துகொண்டேன். அடக்கமில்லாத ஆடு என்று பெயர் வாங்கினேன்.

எனக்கு எட்டு வயது நடந்தபோது அம்மா மறுபடி பிள்ளை உண்டானாள். எனக்குப் பிறகு இரண்டு தங்காமல் போயிருந்ததால் வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். மாமா மட்டும்தான் சத்தமாகப் பேசுவார். ஒரு நாள் ஆரணிச் சந்தையிலிருந்து பனைவெல்லம், சுக்கு, பூண்டு எல்லாம் வாங்கிவந்து போட்டார். அதோடு ஒரு பழைய பவுடர் டப்பாவும் இருந்தது. திறந்து பார்த்தேன். செம்பழுப்பாகக் கட்டி கட்டியாக, வேலமரத்துப் பிசின் மாதிரி இருந்தது.

"இன்னா மாமா இது?"

"வெள்ளைப்போளம். தெலுங்குக்காரங்க பாலிந்த போளம்னுவாங்க. பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கறது. வயித்துப் புண்ண ஆத்தும்."

"இது வெள்ளையா இல்லையே."

"எங்க தெருவுல வெள்ளைச்சாமின்னு ஒருத்தன் கீறான். அவனை வந்து பாரு."

ராஜா கொண்டுபோனதும் இதுதானா என்று கேட்டேன். இதேதான் என்றார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "மூணு பேர்ல ஒருத்தன் பொண்டாட்டி சொல்லி அனுப்பியிருப்பாக்கா. பிள்ளை பெத்த ஊட்டுக்குப் பொன்னை எடுத்துக்கினு போறியே, அத்த வச்சி இன்னா பண்ணுவா அவ, மருந்த எடுத்துக்கினு போய்யான்னு."

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அப்படி அவள் சிரித்து நான் பார்த்தது குறைவு.

மழைக்காலத்தில் தம்பி பிறந்தான். அந்த வருஷம் நல்ல மழை. ஆரணி ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது, ரயில் நின்றுபோயிற்று. பேறுகாலம் பார்க்க வந்தது பக்கத்துக் குப்பத்து மருத்துவச்சி. கடலுக்குப் போகிற இந்துக் குடும்பத்துப் பெண், கைராசிக்காரி. என்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். மழை கொஞ்சம் விட்டபோது ஓடிவந்து பார்த்தேன். தம்பியைப் பழைய வேட்டியில் சுற்றியிருந்தார்கள். விரலைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டான். நன்றாகத்தான் இருந்தான்.

மறுநாள் காலையில் பால் குடிக்கவில்லை. மேல்மூச்சு வாங்க ஆரம்பித்தது. அம்மாவுக்கோ காய்ச்சல், கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. உபதேசியார் வேப்பம்பட்டில் மகள் வீட்டுக்குப் போனவர் ரயில் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். நைனா ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியாரைக் கூட்டிவர ஓடினார். ஆற்றங்கரையில் போய் நின்றால் பரிசல்காரன் இறங்க மாட்டேன் என்றுவிட்டான். நைனா இக்கரையில் நின்று கத்தியிருக்கிறார். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் அக்கரைக்கு என்ன கேட்கும். அவர் நனைந்து திரும்பி வந்தபோது மருத்துவச்சி பிள்ளையின் முகத்தை மூடியிருந்தாள்.

ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். உபதேசியார் எங்களுக்கு ஞாயிறுதோறும் சொல்லிக்கொடுத்ததுதான். அந்த நேரத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. நைனாவுக்குச் சாமியார் கை என்றால் அவ்வளவு பெரியது. அந்தக் கை கிடைக்காதபோது தன் கை போதும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்கும் வழக்கம் அப்போது இல்லை. சுவருக்கு வெளியே நாவல் மரத்தடியில் நைனாவும், பேறுகாலத்துக்கென்று முன்கூட்டியே வந்திருந்த மாமாவும் வைத்துவிட்டு வந்தார்கள். கோயிலில் மணி அடிக்கவில்லை. பெயரும் வைக்கவில்லை. சாமியார் ஆறு வடிந்ததும் வந்து அம்மாவின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள். "ஊரெல்லாம் தண்ணி ஓடிச்சி. என் பிள்ளை தலையில ஊத்த ஒரு கை தண்ணி இல்லாமப் பூட்ச்சி."

அதற்குப் பிறகு அவள் கோயிலுக்கு வரவில்லை. வீட்டு வேலை செய்வாள், செபமாலையும் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலை வலிக்கும். போளத்தைப் பனைவெல்லத்தில் பிசைந்து மருத்துவச்சி வாய்க்குக் கிட்டே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "பால் குடுக்கறவளுக்குத்தானே மருந்து. எனக்கு எதுக்கு?" என்பாள். டப்பா அப்படியே பரணுக்குப் போயிற்று. அம்மா இளைத்துக்கொண்டே வந்தாள். கிறிஸ்துமஸுக்கும் அவள் வரவில்லை. நானும் நைனாவும் போய்விட்டு வந்தோம். அந்த வருஷம் ஆடாக நிற்கக்கூட நான் கேட்கவில்லை.

ராஜாக்கள் திருநாளுக்கு முந்தைய ஞாயிறு. பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்த பிறகு மாமா உபதேசியாரைக் கிணற்றடியில் மடக்கினார். நான் பின்னாலேயே போனேன்.

"உபதேசியாரே, இந்த வருஷம் போளத்த எங்கக்கா ஊட்டுப் பொண்ணு தூக்கட்டும்."

"இன்னாய்யா பேசற? பொட்டப் பிள்ளைய ராசாவாக்கறதா? ஊரு சிரிக்காது?"

"சிரிச்சா சிரிச்சிக்கினு போவட்டும். சிரிக்கறதுக்குன்னாச்சும் எங்க ஊட்ட நெனைக்கட்டும்."

"அது இல்லய்யா…" என்று உபதேசியார் என்னைப் பார்த்தார். "நீ போய் வெளையாடு போ."

நான் போகிற மாதிரிப் போய்ச் சைக்கிளுக்குப் பின்னால் நின்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். மாமா கையை நீட்டி நீட்டிப் பேசினார். உபதேசியார் முடியாது என்று தலையை ஆட்டினார். கடைசியில் இரண்டு பேரும் சாமியாரிடம் போனார்கள். சாமியார் சைக்கிளில் பையைக் கட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "தூக்கட்டும், பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பெண்பிள்ளை ராஜாவாகலாமா கூடாதா என்பதற்குத்தான் இவ்வளவு பெரிய வழக்கு என்றும், அதில் நான் ஜெயித்துவிட்டேன் என்றும் நினைத்தேன்.

வழக்கு வேறு. எங்கள் கோயிலில் யார் எந்தப் பெட்டியைத் தூக்குவது என்பதற்கு ஒரு முறை இருந்தது. அந்த வருஷம் புதுப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் வாங்கிய வீடு பொன்னைத் தூக்கும். கல்யாணம் நடந்த வீடு சாம்பிராணியைத் தூக்கும். சாவு விழுந்த வீடு போளத்தைத் தூக்கும், சேசுவை அடக்கம் பண்ணும்போதும் போளம் வைத்தார்களே, அதனால். போளம் தூக்கிய வீட்டில் இறந்தவர் பெயரை அன்றைய பூசையில் சாமியார் வாசிப்பார். இதையெல்லாம் பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. போளம் தூக்குகிற பிள்ளை பயந்துவிடக்கூடாது என்று.

மாமா கேட்டது அதைத்தான். உபதேசியார் சொன்னாராம், மணி அடிக்காத சாவுக்குப் போளம் கிடையாது, பெயரில்லாத பிள்ளைக்கு எந்தப் பெயரை வாசிப்பது என்று. அவரும் கெட்டவர் இல்லை. வேப்பம்பட்டிலிருந்து திரும்பிய நாள் முதல் எங்கள் வீட்டு வழியே நடக்கவே மாட்டார், சுற்றிக்கொண்டு போவார். இதெல்லாம் எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்ற பிறகு மாமா சொல்லித்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து மாமா விஷயத்தைச் சொன்னார். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"பேர் வாசிப்பாங்களா?" என்று கேட்டாள்.

"சாமி பாக்கலாம்னாரு."

"பாக்கலாம்னாரா, வாசிக்கறேன்னாரா?"

மாமா பீடியைத் தேடினார். அம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். பரணிலிருந்து அந்தப் பவுடர் டப்பாவை எடுத்துத் துடைத்தாள். மற்ற வருஷங்களில் போளப் பெட்டிக்குள் கூழாங்கல்தான் இருக்கும், ஆட்டினால் சத்தம் வர வேண்டும் என்று. "சும்மா பொட்டிய தூக்கினு போவாத. இத்த எடுத்துக்கினு போ," என்று என்னிடம் கொடுத்தாள்.

திருநாள் காலையில் அவளுடைய கல்யாணப் புடவை என் முதுகில் அங்கியாயிற்று. மாமா அட்டையில் சிகரெட் பெட்டித் தாள் ஒட்டிக் கிரீடம் செய்தார். கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மீசை வரைந்தார். "இத பாரு, ராசா சிரிக்க மாட்டாரு, சொறிய மாட்டாரு, மூக்கு ஒழுக மாட்டாரு. நட்சத்திரம் போனாப் போணும், நின்னா நிக்கணும். யாரு சொன்னாலும் நவுரக் கூடாது. புரியுதா?" என்றார். தலையாட்டினேன். நைனா என்னைப் பார்த்துவிட்டு வாசற்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அம்மா தலைவாரிப் புடவை மாற்றிக்கொண்டு எங்களோடு கிளம்பினாள்.

கோயிலில் அம்மா முன்னால் போகாமல் வாசற்படிக்குப் பக்கத்தில், பெண்கள் பக்கத்துக் கடைசியில் உட்கார்ந்தாள். பொன்னைத் தூக்கினவன் அரிசி மில் கணக்குப்பிள்ளை மகன். திறந்த பெட்டியில் அவன் தங்கச்சியின் சின்ன மோதிரம், அதைப் பார்த்துப் பார்த்தே நடந்தான். சாம்பிராணியைத் தூக்கினவன் புகையில் இருமினான். மூன்றாவதாக நான். பாட்டு ஆரம்பித்தது, மேலே நட்சத்திரம் ஆடிக்கொண்டு நகர்ந்தது. சிலர் என் மீசையைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இன்னும் சிலர், வயதான பெண்கள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். என் நடை அவ்வளவு கம்பீரமாக இருக்கிறது போலும் என்று நிமிர்ந்தேன்.

நாலு எட்டு வைத்திருப்போம். நட்சத்திரம் நின்றுவிட்டது.

சரியாக அம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே. முன்னால் இருந்த இரண்டு ராஜாக்களும் தெரியாமல் நடந்து போய்விட்டார்கள். நான் நின்றுவிட்டேன். பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து பாடினார்கள். உபதேசியார் ஓரமாக வந்து பல்லைக் கடித்தார். "நட."

"நட்சத்திரம் நவுரல."

"அது சிக்கிக்கிச்சி. நீ நட."

"நின்னா நிக்கணும்னு மாமா சொல்லியிருக்காரு."

"இது பெரிய பேஜாராப் பூட்ச்சே," என்று அவர் மாமா பக்கம் திரும்பினார். மாமா அங்கிருந்து கையை விரித்துக் காட்டினார், கயிறு வரவில்லை என்று. பாட்டு நின்றது. பீடத்திலிருந்து சாமியாரே இறங்கி வந்தார். நட்சத்திரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த டப்பாவைத் திறந்து உள்ளேயிருந்ததை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"இது உங்க வீட்டுதாம்மா?"

அம்மா எழுந்து நின்றாள். "எங்க ஊட்டுதுதான் சாமி. எனக்கு வாங்கினது."

சாமியார் டப்பாவை மூடி என் கையில் வைத்தார்.

"பையன் பேர் என்னம்மா?"

அம்மா ஒரு பெயரைச் சொன்னாள். சாமியார் காதைக் கிட்டே கொண்டுவந்தார். மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை வாசலுக்கு வெளியே நின்ற நைனாவுக்கும் கேட்கிற மாதிரி. சாமியார் அந்தப் பெயரைத் தானும் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு பீடத்துக்குத் திரும்பினார். நட்சத்திரம் நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.

பூசையில் இறந்தவர்களுக்காக மன்றாடும் இடத்தில் அந்தப் பெயர் வந்தது. அம்மா சொன்ன அந்தப் பையன் யார் என்று யோசித்தேன். எங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லை. என் தம்பிக்குப் பெயரே கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும் அல்லவா, அதனால் அவனை மட்டும் நினைக்கவில்லை.

அந்தக் கயிறு நிஜமாகவே சிக்கிக்கொண்டதா என்று மாமாவைக் கடைசிவரை கேட்டுப் பார்த்தேன். "கப்பிக்கு எண்ணெ போடாம வுட்டுட்டேன்," என்பார். ஊர் சைக்கிளுக்கெல்லாம் எண்ணெய் போட்ட மனிதர். அவரும் போய்விட்டார், நைனாவும் போய்விட்டார். முந்திரிக் காடு இருந்த இடத்தில் இப்போது கம்பெனிப் புகைக்கூண்டுகள். கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல் சுவரை இடித்துத் தள்ளிக் கட்டினார்கள். நாவல் மரம் உள்ளே வந்துவிட்டது. அம்மாவை அந்த மரத்துக்குக் கிட்டேதான் வைத்தோம், அவள் கேட்டுக்கொண்டபடி. ராஜாக்கள் திருநாளில் நான் ஒரு துண்டுப் போளம் கொண்டுபோய் இரண்டு பேருக்கும் நடுவே வைப்பேன். எறும்புகூட மொய்க்காது. போய் நின்றால் அந்த விரல் பிடிதான் ஞாபகம் வரும். இருந்தால் அவனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும், தலை நரைத்திருக்கும். என்னை அக்கா என்று கூப்பிட்டிருப்பான். ஒரே ஒரு தரம் கூப்பிட்டிருக்கலாம்.

அன்றைக்குப் பூசை முடிந்ததும் குடிலைக் கலைத்தார்கள். குடில் வைக்கோலை ஆளுக்கொரு பிடி வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம், சிலர் மாட்டுக்குப் போடுவார்கள், சிலர் அரிசிப் பானையில் வைப்பார்கள். கூட்டம் குறைந்த பிறகும் அம்மா நின்றுகொண்டிருந்தாள். உபதேசியார் மண்ணில் செய்த சுரூபங்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தவர், போள டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் கிட்டே வந்தார். அவளை நேராகப் பார்க்காமல் பேசினார்.

"எப்பவும் கல்லு இருக்கும். தூக்கி வெளிய போட்டுடுவேன். இது நெசமான போளம். இன்னா பண்ணட்டும், நீயே சொல்லும்மா."

அம்மா டப்பாவை வாங்கினாள். உள்ளேயிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். "யம்மா, அது சேசுவுக்குக் குடுத்தது."

"தெரியும்," என்றாள். மென்றுகொண்டே இருந்தாள். முகம் கோணிற்று, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு கசக்கிறது போலிருக்கிறது என்று எனக்குப் பாவமாக இருந்தது. ராஜாக்களுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்திருந்தார்கள். நான் என்னுடையதை அங்கியில் முடிந்து வைத்திருந்தேன். அவிழ்த்து அவளிடம் நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

கசப்பைத் தின்றுவிட்டு நிற்கிறவள் இனிப்பைக் கொடுத்தால் ஏன் வேண்டாம் என்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. இன்னொரு தரம் நீட்டிப் பார்த்தேன். பிறகு அதை வாயில் போட்டுக்கொண்டு, மீசை அழியாமல் சப்பிக்கொண்டே அவள் பின்னால் நடந்தேன்.